எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு வெளிநாட்டில் பாடம் நடத்தப் போகலாமா? டெல்டாக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூரில் ஒரு தனியார் கல்லூரியில் 6 ஆண்டு, அப்புறம் ஒமானில் 9 ஆண்டு ஆங்கிலப் பாடம் நடத்திவிட்டு இப்போது பாபநாசம் பக்கம் வீட்டோடு இருக்கிறேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் முதல் பழைய மாணவர்கள் வரை, மாதத்துக்கு நான்கு பேராவது இதைப் பற்றிக் கேட்டுவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போனதால் எழுதி வைக்கிறேன்.

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்திருக்கிறேன். அது மட்டும் போதுமா?

போதாது. முதல் பதிலே இப்படி இருக்கிறதே என்று கோபப்பட வேண்டாம்.

நம் எம்.ஏ. இலக்கியம் சொல்லித் தருகிற படிப்பு. சாஸர், ஷேக்ஸ்பியர், மில்டன், கொஞ்சம் இந்திய ஆங்கில இலக்கியம், இரண்டு தாள் இலக்கியக் கோட்பாடு. வெளிநாட்டில் சம்பளம் கொடுப்பதோ, ஆங்கிலம் தெரியாத 18 வயதுப் பையனை ஒரு வருடத்துக்குள் ஆங்கிலத்தில் குறிப்பு எடுக்கவும் அறிக்கை எழுதவும் வைக்கிற ஆளுக்கு. ஐந்தாவது வரை மட்டும் ஆங்கிலம் படித்த உங்கள் வீட்டுப் பெரியப்பாவுக்கு இறந்தகாலம் எப்படிச் சொல்லிக் கொடுப்பீர்கள்? இதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

எம்.ஏ. வீண் என்று சொல்லவில்லை. கல்லூரி அளவிலான வேலைக்கு முதுகலைப் பட்டம் நுழைவுச்சீட்டு மாதிரி. அது இல்லாவிட்டால் உங்கள் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். திறந்த பிறகு அவர்கள் தேடுவது இரண்டு: மொழி கற்பிக்கும் பயிற்சி, குறைந்தது இரண்டு மூன்று ஆண்டு முழுநேர அனுபவம்.

பி.எட். போடுவதா, செல்டா போடுவதா?

பள்ளிக்கூடத்துக்குப் போகிறவருக்கு பி.எட். கல்லூரிக்கும் மொழிப் பயிற்சி மையத்துக்கும் போகிறவருக்கு செல்டா. குழப்பமே இதில் வேண்டாம்.

பி.எட். இப்போது இரண்டு ஆண்டு. வளைகுடாவில் உள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கும் மாலத்தீவுக்கும் அது இல்லாமல் பேச்சே எடுக்க முடியாது. செல்டா என்பது கேம்பிரிட்ஜ் கொடுக்கும் சான்றிதழ். முழுநேரமாகச் செய்தால் நான்கு, ஐந்து வாரம். குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி, அதில் 6 மணி நேரம் நிஜ மாணவர்களுக்கு முன்னால் நின்று நடத்த வேண்டும். பின் வரிசையில் ஒருவர் உட்கார்ந்து நீங்கள் விடுகிற ஒவ்வொரு பிழையையும் எழுதிக்கொண்டே இருப்பார். எனக்கு முதல் வாரம் அழுகையே வந்துவிட்டது. ஆறு ஆண்டு பாடம் நடத்தியவன் என்ற நினைப்போடு போனவனிடம், "45 நிமிடத்தில் 38 நிமிடம் நீங்களே பேசினீர்கள்" என்று தாளை நீட்டினார்கள். கரும்பலகைக்கு முன்னால் நின்று பேசுவதுதான் பாடம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

செலவு ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும். 2020-க்குப் பிறகு இணைய வழியிலும் செய்ய முடிகிறது. அவ்வளவு பணம் இப்போது இல்லை என்றால் ஹைதராபாத்தில் உள்ள ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம் கற்பித்தலுக்கான முதுநிலைச் சான்றிதழைப் பாருங்கள். 1958-ல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கிய இடம் அது. ஆங்கிலத் துறைக்காரர்களுக்கு அந்தப் பெயர் தெரியும்.

ஒரு வார இறுதியில், ஆயிரம் ரூபாய்க்கு, வகுப்பறையையே பார்க்காமல் கொடுக்கப்படும் 'டெஃபல்' (ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பித்தல்) சான்றிதழ்கள் நிறைய உலாவுகின்றன. நல்ல சம்பளம் தரும் இடம் எதுவும் அதை மதித்து நான் பார்த்ததில்லை.

கொரியா, ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து லட்சக்கணக்கில் சம்பாதிக்கலாம் என்று வீடியோவில் சொல்கிறார்களே?

சொல்கிற ஆள் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்று பாருங்கள்.

தென்கொரியாவில் அயல்மொழி ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் ஈ-2 விசா பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா. 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தில் இந்திய ஆங்கில உதவி ஆசிரியர்களுக்கு ஒரு சந்து திறந்துவிடப்பட்டது. பட்டத்தோடு ஆங்கில ஆசிரியர் தகுதிச் சான்றும் வேண்டும். சந்து இருக்கிறது என்பதற்காக அதை நம்பி இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள்.

ஜப்பான் பள்ளிகளில் அயல்மொழி கற்பிக்கப் பயிற்றுநர் விசா வேண்டுமானால், அந்த மொழி வழியாகவே 12 ஆண்டு படித்திருக்க வேண்டும். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு அந்தக் கதவு அங்கேயே அடைத்துவிடும்.

தாய்லாந்தில் இந்தியர்களை எடுக்கிறார்கள். தாய்மொழி ஆங்கிலம் அல்லாதவர்கள் ஆசிரியர் உரிமத்துக்கு டோயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் 600 மதிப்பெண்ணாவது காட்ட வேண்டியிருக்கும். பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களோடு போட்டி, வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், நமக்கு ஒரு சம்பளம். இதைச் சொல்லவே கசப்பாக இருக்கிறது, ஆனால் மறைத்து என்ன பயன்?

அப்படியானால் நமக்குத் திறந்திருக்கும் இடங்கள் எவை?

முதலில் வளைகுடா. அதிலும் பள்ளி வேறு, கல்லூரி வேறு.

துபாய், ஷார்ஜா, குவைத், தோஹா என்று எங்கும் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் உண்டு. எம்.ஏ., பி.எட்., இரண்டு ஆண்டு அனுபவம் இருந்தால் வேலை கிடைப்பது பெரிய கஷ்டம் இல்லை. கிடைக்கிற சம்பளம்தான் கஷ்டம். வீட்டு வாடகை கையிலிருந்து போனால் மாதக் கடைசியில் கும்பகோணத்து மளிகைக் கணக்கு மாதிரி பத்து, இருபது திர்ஹாம் எண்ண வேண்டிவரும். கணவருக்கோ மனைவிக்கோ அங்கே ஏற்கெனவே வேலையும் வீடும் இருந்தால் இந்தப் பள்ளிகள் நல்லவை. தனியாளாகப் போய்ச் சேமிக்க நினைப்பவருக்கு ஏற்றவை இல்லை. அதே ஊரில் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளின் சம்பளம் வெகு மேலே. அங்கே ஆங்கில ஆசிரியர் இடத்துக்கு நம்மை எடுப்பது அபூர்வம். இந்தியப் பள்ளியில் சேர்ந்து, சில ஆண்டில் அங்கிருந்து தாவியவர்கள் உண்டு.

'நல்ல சம்பளம்' என்று நீங்கள் கேட்பதற்கு என் பதில் கல்லூரிகள்தான். ஒமானிலும் சவூதியிலும் பட்டப்படிப்பு தொடங்கும் முன் மாணவர்களுக்கு ஒரு வருடத்தை ஒட்டி ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் திட்டம் உண்டு. ஒமானில் அதை ஃபவுண்டேஷன் என்பார்கள். பொறியியலும் கணினியும் ஆங்கிலத்தில் நடப்பதால், பையன்களை அதற்குத் தயார் செய்யக் கூட்டம் கூட்டமாக ஆசிரியர்கள் வேண்டும். ஒமானில் தொழில்நுட்பக் கல்லூரிகளையும் பயன்பாட்டு அறிவியல் கல்லூரிகளையும் 2020-ல் ஒன்றாக்கி ஒரே பல்கலைக்கழகம் ஆக்கினார்கள். நிஸ்வா, இப்ரா, சலாலா என்று நாடு முழுக்க வளாகங்கள். பெரும்பாலும் ஆள் எடுக்கும் நிறுவனங்கள் வழியாகத்தான் எடுப்பார்கள். உங்கள் ஒப்பந்தம் கல்லூரியோடா, இடையில் நிற்கும் நிறுவனத்தோடா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விடுமுறைச் சம்பளம், விமான டிக்கெட், காப்பீடு எல்லாம் அதைப் பொறுத்துத்தான் மாறும்.

சலாலா கிடைத்தால் யோசிக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். பருவமழை எட்டிப் பார்க்கிற ஊர். தென்னை, வாழை, சாலையோரம் இளநீர்க் கடை. முதல் தடவை பார்த்தபோது திருவையாறு ஆற்றங்கரையை யாரோ கடத்திக்கொண்டு வந்து கடலோரம் வைத்த மாதிரி இருந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தந்த நாட்டுக்காரர்களுக்கு முதலிடம் என்ற கொள்கை வருடா வருடம் இறுகுகிறது. நான் போன காலத்தில் இருந்த அளவு இடம் இப்போது இல்லை. 60 வயதை ஒட்டி அனுப்பிவிடுவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மாலத்தீவு இன்னொரு வழி. தூரம் குறைவு, பி.எட். உள்ளவர்களுக்கு எளிது. சம்பளம் ரூஃபியாவில் வரும். வங்கி விலை ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா வரை. ஆனால் அந்த விலையில் வேண்டிய அளவு டாலர் வங்கியில் கிடைப்பதில்லை, வெளியே வாங்கினால் விலை கூட. இதைக் கணக்குப் போடாமல் போனவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பும்போது விழித்திருக்கிறார்கள். எத்தியோப்பியாவுக்கு ஹைலி செலாசி மன்னர் காலத்திலிருந்தே இந்திய ஆசிரியர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அங்கும் டாலர்த் தட்டுப்பாடுதான் தலைவலி.

இங்கிலாந்து, அமெரிக்கா?

இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியர் ஆகத் தகுதிபெற்ற ஆசிரியர் நிலை வேண்டும். 2023 பிப்ரவரியில் இந்தியா உட்படப் பல நாட்டு ஆசிரியர்களுக்கு அதைத் திறந்துவிட்டார்கள். உடனே எனக்குப் பத்து ஃபோன். ஆனால் இந்தியாவில் பயிற்சி பெற்றவர்களில் கணிதம், அறிவியல், அயல்மொழி நடத்துகிறவர்களுக்குத்தான் அந்த வழி. ஆங்கிலம் அதில் இல்லை. ஆங்கிலேயர்களுக்கு ஆங்கிலம் அயல்மொழி இல்லையே.

அமெரிக்காவில் ஜே-1 பரிமாற்ற ஆசிரியர் விசா உண்டு. பட்டமும் குறைந்தது இரண்டு ஆண்டு பள்ளி ஆசிரியர் அனுபவமும் வேண்டும். மூன்று ஆண்டு, நீட்டித்தால் ஐந்து ஆண்டு வரை. இந்தியாவிலிருந்து போகிறவர்களில் கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி ஆசிரியர்கள்தான் அதிகம். இடைத்தரகர் கட்டணத்தைக் கேட்டுவிட்டு உட்கார்ந்து யோசியுங்கள்.

வயது 21 முதல் 29-க்குள் இருந்து, ஆங்கில ஆசிரியராக இருந்தால் ஃபுல்பிரைட் அயல்மொழி உதவி ஆசிரியர் திட்டத்தைப் பாருங்கள். ஒன்பது மாதம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் நம் நாட்டு மொழி ஒன்றைச் சொல்லித் தர வேண்டும். எந்தெந்த மொழிகள் என்பதை அந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் சேராது. ஆனால் அந்த ஒரு வரி இருக்கிற விண்ணப்பத்துக்குப் பிறகு எங்கும் மதிப்பு.

சம்பளம் எவ்வளவு என்று சொல்லாமலே போகிறீர்களே?

தொகையைவிட அது எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பது முக்கியம், அதனால்தான் தள்ளிப்போட்டேன். ஓர் உதாரணம். ஐக்கிய அரபு அமீரகத்தில் இரண்டு பள்ளிகள் உங்களுக்கு 6,000 திர்ஹாம் தருவதாகச் சொல்கின்றன. ஒன்றில் அடிப்படைச் சம்பளம் 2,500, மீதி படிகள். இன்னொன்றில் அடிப்படை 4,500. மாதம் கைக்கு வருவது ஒன்றுதான். ஆனால் அங்கே பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான்: முதல் ஐந்து ஆண்டுக்கு, ஆண்டுக்கு 21 நாள் சம்பளம். நான்கு ஆண்டு கழித்துக் கிளம்பினால் முதல் பள்ளியில் 7,000 திர்ஹாம், இரண்டாவதில் 12,600. சவூதியில் முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் ஒரு மாதச் சம்பளம் என்று கணக்கு வேறு.

கேட்க வேண்டியவை: வீடு அவர்கள் கொடுக்கிறார்களா, படியா? இரண்டு மாதக் கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா? வருடத்துக்கு எத்தனை டிக்கெட்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பாடம்? கடைசிக் கேள்வியை நம்மவர்கள் கேட்பதே இல்லை. வாரம் 18 மணிக்கும் 26 மணிக்கும் உள்ள வித்தியாசம் மூன்றாவது மாதத்தில் தொண்டையில் தெரியும்.

திர்ஹாம் ஒரு டாலருக்கு 3.6725, சவூதி ரியால் 3.75 என்று கட்டிவைக்கப்பட்டவை. ஒமான் ரியால் ஒன்றுக்கு ஏறக்குறைய 2.60 டாலர். அதனால் ரூபாய் சரியும்போது ஊரில் எல்லாரும் புலம்ப, நம் வீட்டில் மட்டும் கொஞ்சம் சத்தமில்லாமல் இருக்கும்.

இங்கேயே 25,000 ரூபாய்க்குக் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். சும்மா விட்டுவிட்டுப் போகலாமா?

ஒப்பந்தமும் விசாவும் கையில் வந்த பிறகு விடுங்கள். போகும்போது பணி அனுபவச் சான்றிதழை, சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரம் என்ற சொல், முதல்வர் கையெழுத்து, முத்திரை எல்லாவற்றோடும் வாங்கிவிடுங்கள். தனியார் கல்லூரி என்றால் உறவு நன்றாக இருக்கும்போதே கேளுங்கள். நான் விலகிய பிறகு கேட்டு நான்கு மாதம் அலைந்தேன். அலுவலகத்தில் "நாளைக்கு வாங்க சார்" என்ற ஒரே பதிலை எத்தனை தொனியில் சொல்ல முடியும் என்று அப்போது கற்றேன்.

ஐ.இ.எல்.டி.எஸ். தேவையா? எம்.ஏ. ஆங்கிலத்துக்கே தேர்வா?

தேவை. அகாடமிக் பிரிவு, 7 அல்லது 7.5 கேட்பார்கள். மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும், ஆகவே விண்ணப்பம் போடும் பருவத்துக்குச் சற்று முன்னால் எழுதுங்கள்.

எம்.ஏ. படித்தவர்கள் பேச்சிலும் வாசிப்பிலும் தப்பித்துவிடுவார்கள், கவிழ்வது எழுத்தில். நம் தேர்வுகளில் பக்கத்தை நிரப்பி நிரப்பிப் பழகிய கை 250 சொல்லில் நிற்காது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ராமானுஜன் உதவித்தொகையை இழந்ததே ஆங்கிலத் தாளில் தவறியதால்தான். அவருக்குக் கணிதம் இருந்தது, நமக்கு வேறு போக்கிடம் இல்லை. பத்து கட்டுரை எழுதி, யாரிடமாவது கொடுத்துத் திருத்தி வாங்குங்கள்.

அஞ்சல் வழியில் எம்.ஏ. முடித்தேன். செல்லுமா?

வளைகுடாவில் பெரும்பாலும் சிக்கல். சான்றிதழின் உண்மைத்தன்மையை உங்கள் பல்கலைக்கழகத்திடம் கேட்கும்போது, நேரடி வகுப்பா தொலைநிலையா என்பதையும் கேட்பது வழக்கம். விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள், விசா கட்டத்தில் வெளியே வந்தால் வேலையும் போகும், பெயரும் போகும். இளங்கலையும் பி.எட்.டும் நேரடியாகப் படித்திருந்தால் பள்ளி வேலைக்கு அவற்றை வைத்தே முயலலாம்.

சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர். பிரச்சினை வருமா?

வரும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மட்டும் கடவுள் தனியாகக் கொடுத்த தலைவலி இது. பத்தாம் வகுப்பில் 'செ. கவிதா', பட்டத்தில் 'கவிதா செ', பாஸ்போர்ட்டில் 'கவிதா செல்வராஜ்', கல்யாணத்துக்குப் பின் ஆதாரில் 'கவிதா முருகன்'. நமக்கு ஒரே கவிதாதான். மஸ்கட்டில் மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு நான்கு பெண்கள்.

பாஸ்போர்ட் பெயரை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். இனிஷியலை விரித்து, பெயர், குடும்பப் பெயர் இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள். 2022 நவம்பரில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தபோது திருச்சி விமான நிலையத்தில் எத்தனை முகம் வாடியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். இனிஷியலும் விரித்த பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்வது பல இடத்தில் உதவும். தஞ்சாவூரிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருப்பதால் திருத்தத்துக்குத் திருச்சிக்கு ஓட வேண்டியதில்லை. காவல்துறை நற்சான்றுக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம்.

சான்றொப்பம் என்கிறார்களே, அது எப்படி?

பட்டச் சான்றிதழை முதலில் பல்கலைக்கழகம் உண்மை என்று சொல்ல வேண்டும், அடுத்து மாநில அரசின் உயர்கல்வித் துறை, பிறகு இந்திய வெளியுறவு அமைச்சகம். அதற்கு மேல் நாட்டைப் பொறுத்து இரண்டு வழி. ஒமான், பஹ்ரைன், 2022 டிசம்பரிலிருந்து சவூதி ஆகியவை ஹேக் ஒப்பந்த நாடுகள். நம் வெளியுறவு அமைச்சகம் போடும் அப்போஸ்டில் என்ற முத்திரையோடு முடிந்தது, தூதரகத்துக்குப் போக வேண்டியதில்லை. அமீரகம், கத்தார், குவைத் என்றால் அந்தந்தத் தூதரக முத்திரையும் வேண்டும். இரண்டு மாதம் ஒதுக்கிவையுங்கள். ஒப்பந்தம் வந்த பிறகு தொடங்கினால் நெஞ்சு படபடக்கும்.

கஜா புயலில் சான்றிதழ்கள் நனைந்து எழுத்தே அழிந்துவிட்டன. என்ன செய்வது?

2018 நவம்பர் 16-க்குப் பிறகு வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கம் இப்படிப் பலருக்கு. பல்கலைக்கழகத்தில் நகல் பட்டச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கலாம், பள்ளிச் சான்றிதழ்களுக்குப் படித்த பள்ளி வழியாக. அழிந்த தாளைத் தூக்கிப் போடாதீர்கள், பதிவெண் தெரிகிற மூலை இருந்தாலும் போதும், வேலை பாதி குறையும். நகல் வந்த பிறகுதான் சான்றொப்பம். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், முத்திரை குத்த இடம் இருக்காது.

ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார். ஒரு மா நிலத்தை அடமானம் வைக்கலாமா?

வேண்டாம்.

சட்டப்படி, பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் உங்களிடம் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும். மொத்தம் 35,400. ரசீதோடு. மூன்று லட்சம் என்று வாயைத் திறக்கிறவரிடம் பதிவெண்ணைக் கேளுங்கள், மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். அமீரகச் சட்டத்தில் ஆள்சேர்ப்புச் செலவு முதலாளியுடையது.

தமிழ்நாடு அரசுக்கே 1978-லிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, சென்னை கிண்டியில். ஆசிரியர் வேலை எப்போதாவதுதான் வரும், இருந்தாலும் பதிந்து வைப்பதில் நஷ்டம் இல்லை.

நம் பகுதிக்குக் கடல் தாண்டுவது புதிதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன காலத்தில் ஊருக்கு ஊர் ஒரு 'சபுராளி', அதாவது கடல் கடந்து பிழைக்கப் போனவர், இருந்தார். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினத்தில் அந்தச் சொல் இன்னும் கேட்கும். அன்றைக்குப் போனவரை, முன்னால் போன மாமாவோ மச்சானோ கூட்டிக்கொண்டு போனார். இன்றைக்கு அந்த மாமாவின் இடத்தில் வாட்ஸப் எண் ஒன்று இருக்கிறது, அதுதான் ஆபத்து.

தாய்லாந்தில் ஆங்கிலம் தெரிந்த பட்டதாரிகளுக்குக் கணினி வேலை, டிக்கெட் இலவசம் என்று செய்தி வந்தது.

அழித்துவிடுங்கள். 2022-லிருந்து இப்படிக் கூப்பிட்டு, எல்லை தாண்டி மியான்மரில் அடைத்துவைத்து, இணைய மோசடி செய்யச் சொல்லி அடிக்கிற கும்பல்களிடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சிக்கி மீட்கப்பட்டார்கள். நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்கள்தான் அவர்களுக்கு வேண்டும். 'முதலில் சுற்றுலா விசாவில் வாங்க, அப்புறம் மாற்றித் தருகிறோம்' என்று எந்த நாட்டுப் பெயரைச் சொல்லி வந்தாலும் அதே பதில்.

நேர்காணலில் டெமோ, அதாவது மாதிரி வகுப்பு, கேட்பார்களாமே?

கேட்பார்கள், பத்துப் பதினைந்து நிமிடம். நம்மவர்கள் அங்கே போய் வேர்ட்ஸ்வொர்த்தின் இயற்கை ஈடுபாட்டை விளக்குவார்கள். கேட்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

சின்னதாக ஒன்றை எடுங்கள். 'நேற்று நீ என்ன செய்தாய்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வைப்பது போதும். மூன்று படம், இரண்டு நிமிட விளக்கம், மீதி நேரம் மாணவர்கள் இருவர் இருவராகப் பேச வேண்டும். நேர்காணல் செய்பவர்களையே மாணவர்களாக்கி விடுங்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள், எல்லா நாட்டு மாணவர்களும் தலையாட்டுவார்கள். புரிந்ததைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

என் உச்சரிப்பு தஞ்சாவூர் ஆங்கிலம். சிரிப்பார்களா?

வலங்கைமானில் பிறந்து, கும்பகோணத்தில் படித்து, மாயவரம் நகராட்சிப் பள்ளியில் வாத்தியாராகத் தொடங்கிய சீனிவாச சாஸ்திரியாரின் ஆங்கிலத்தைக் கேட்டு லண்டனே வியந்தது, வெள்ளிநாக்கு என்று பேர் வந்தது. அவ்வளவு வேண்டாம், தெளிவு போதும். 'எம்' என்பதை 'யெம்' என்பதையும், 'ஸ்கூல்' முன்னால் ஓர் 'இ' சேர்ப்பதையும் விட்டால் முக்கால்வாசி சரியாகிவிடும்.

சொல்லப்போனால் நமக்கு ஒரு அனுகூலம் உண்டு. அரபியில் ஆங்கில 'p' ஒலி கிடையாது, 'parking' என்பது 'barking' ஆகிவிடும். இப்படி ஆங்கில எழுத்தில் போட்டால்தான் வித்தியாசம் தெரியும். தமிழில் எழுதினால் இரண்டும் 'பார்க்கிங்'தான்! ஒரே எழுத்தில் இரண்டு ஒலியை வைத்துக்கொண்டு தடுமாறிப் பழகியவர்கள் நாம். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுத் தாளைப் பிடித்து, தாள் ஆடினால் ஓர் ஒலி, ஆடாவிட்டால் மற்றது என்று என் ஆறாம் வகுப்பு வாத்தியார் எனக்குச் சொல்லிக் கொடுத்ததையே நிஸ்வாப் பையன்களுக்குச் செய்தேன். வகுப்பு முழுக்கத் தாள் ஊதிக்கொண்டிருந்தது.

பெண் தனியாகப் போகலாமா? குடும்பத்தைக் கூட்டிப் போக முடியுமா?

என்னோடு வேலை பார்த்தவர்களில் தனியாக வந்த பெண்கள் பலர், மன்னார்குடிக்காரர் ஒருவர் உட்பட. கல்லூரி தரும் குடியிருப்பா, தனியாக வீடு பார்க்க வேண்டுமா என்பதை மட்டும் முன்கூட்டியே தெளிவாக்கிக் கொள்ளுங்கள். குடும்பம் என்றால் அமீரகத்தில் மாதச் சம்பளம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000-த்தோடு தங்குமிடம் இருந்தால் அழைத்துக்கொள்ளலாம். அழைக்க முடிவது ஒன்று, பள்ளிக் கட்டணம் கட்ட முடிவது இன்னொன்று.

எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?

தை பிறந்ததும். கல்லூரிகளும் பிரிட்டிஷ் பள்ளிகளும் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் தொடங்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நேர்காணல் சூடு பிடிக்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிற வழக்கம் நமக்குத் தெரியும், அதற்குள் கடிதம் வராவிட்டால் அந்த ஆண்டைப் பெரும்பாலும் மறந்துவிட வேண்டியதுதான். வளைகுடாவின் இந்தியப் பள்ளிகளுக்கு ஏப்ரலில் ஆண்டு தொடங்குவதால் முந்தைய நவம்பர், டிசம்பரிலேயே ஆரம்பியுங்கள்.

ஊரில் இருந்தபடியே இணையத்தில் சொல்லிக் கொடுத்தால்?

முடியும். பிரெப்ளி போன்ற தளங்களில் எந்த நாட்டவரும் சேரலாம். ஒவ்வொரு புது மாணவரின் முதல் பாடத் தொகை முழுவதும் தளத்துக்கு, பிறகு 33 சதவீதத்தில் தொடங்கி, நேரம் கூடக் கூட 18 வரை குறையும். முதல் ஆறு மாதம் குறைந்த விலையில் உழைக்க வேண்டும். இன்வெர்ட்டர் அவசியம். அடைமழைக் காலத்தில் கரண்ட் போனால் பிரேசில்காரர் காத்திருக்க மாட்டார்.

சில ஆண்டு கழித்துத் திரும்பினால் இங்கே வேலை கிடைக்குமா?

போகும் முன் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதித் தேறிவிடுங்கள். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு அது காலாவதி ஆவதில்லை. வெளிநாட்டில் நெட்டை யாரும் கேட்பதில்லை என்பதற்காக விட்டால், திரும்பி வரும்போது 40 வயதில் மறுபடி பாடத்திட்டத்தைப் புரட்ட வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. தனியார் கல்லூரிகளில் என் ஒமான் சம்பளத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, அவர்கள் சம்பளத்தைச் சொன்னார்கள், இந்தத் தடவை நான் சிரித்தேன். இப்போது வீட்டுத் திண்ணையில் காலையில் எட்டுப் பேருக்கு ஐ.இ.எல்.டி.எஸ். எழுத்துப் பயிற்சி கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை.